வழுவும் பிழையும்

கணினி நிரலில் நேரும் தவற்றைத் தமிழ்க் கணினித்துறையினர் ‘வழு’ என்கின்றனர். அதைத் தேடிக் களைவதை வழுநீக்கம் என்கின்றனர். மொழிநெறியிலிருந்து விலகிய தொடருக்கு இலக்கண நூலார் இட்ட பழம்பெயரே ‘வழு’. அடியார் இறைவன்முன் சொல்லி இரங்கும் குற்றத்துக்கோ ‘பிழை’ என்று பெயர். காஞ்சி ஏகம்பநாதரிடம் தம் குறைகளை அடுக்கிச் சொல்லும் பட்டினத்தார் அவற்றைப் பிழை என்றே எண்ணிச் செல்கிறார். பேச்சில் இரண்டு சொற்களும் கலந்து வந்தாலும், வழு திருத்தப்படுவது, பிழை பொறுக்கப்படுவது என்னும் வேறுபாடு தமிழ்ச் செவிக்கு எட்டாததன்று. குழந்தைகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து ரோபோ செய்யும் அறிவியல் பட்டறைகள் எழுப்பும் கேள்வி இவ்வேறுபாட்டில்தான் பிறக்கிறது: எந்திரத்தின் வழுவைத் திருத்தப் பழகிய குழந்தை தன் பிழையை உணரவும் பழகியதாகுமா?

இத்தகைய பட்டறைகளுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் குழந்தை உளவியலறிஞர் ழான் பியாஜேயுடன் பணியாற்றிய இக்கணிதவியலர், 1967இல் உருவான ‘லோகோ’ என்னும் நிரல்மொழியைப் படைத்தோருள் ஒருவர். அம்மொழியின் கட்டளைக்கேற்பத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு எந்திரத்துக்கு ஆமை என்று பெயர். முக்கோணம் வரைய விரும்பும் குழந்தை, சமபக்க முக்கோணத்தின் உட்கோணம் 60 பாகை என்று பள்ளியில் கற்றதை நம்பி, முன்னே சென்று 60 பாகை திரும்புமாறு மும்முறை பணித்தால், ஆமை முக்கோணத்தை மூடாமல் அரை அறுகோணத்தை வரைந்துவிட்டு நிற்கும். தானே ஆமையாக நடந்து பார்க்கும் குழந்தை, திரும்ப வேண்டியது 120 பாகை என்று கண்டுகொள்கிறது. பள்ளிக்கூடம் விடையைச் சரி, தவறு என்று இரண்டாகப் பிரித்துத் தவற்றை வெட்கத்துக்குரியதாக்க, நிரலெழுதுவதோ இதைத் திருத்த முடியுமா என்று மட்டுமே கேட்கிறது என்பது 1980இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் பேப்பர்ட் முன்வைத்த வாதம். 1998இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட ரோபோக் கட்டமைப்புப் பெட்டி அந்நூலின் பெயரையே ஏற்றது. தவற்றின்மீதிருந்த அச்சத்தைக் குழந்தையின் மனத்திலிருந்து அகற்றிய இக்கருத்தின் பெருமை குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. ஆயினும் வெட்கமே தேவைப்படாத தவறு எது, வெட்கப்பட்டே தீரவேண்டிய தவறு எது என்பதை அது சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் நின்று பார்த்த முயற்சி ஒன்று உண்டு. அர்ஜென்டினாவில் பிறந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ஆய்வு செய்த மரீனா பெர்ஸ், 1990களின் இறுதியில் புவனோஸ் ஐரிஸ் நகரத்து யூதப் பள்ளியொன்றில், யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவையும் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரையும் ஒட்டி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ரோபோக்களைக் கட்டும் பட்டறையை நடத்தினார். அத்திருநாள்கள் உணர்த்தும் விழுமியங்களை நகரும் பொருளாக வடிப்பதே அங்கு வந்த குடும்பங்களுக்கு இடப்பட்ட பணி. கிளாடியா உர்ரேயாவுடன் சேர்ந்து அதைப் பற்றி அவர் எழுதி 2000இல் வெளியான கட்டுரை, அப்படைப்புகளைத் ‘தொழில்நுட்பப் பிரார்த்தனைகள்’ என்று தலைப்பிலேயே அழைத்தது.

பிரார்த்தனை என்ற சொல் இங்குப் பொருந்துமா? யூத மரபில் வழிபாட்டுக்கு உயிர் தருவது ‘கவனா’, அதாவது நெஞ்சு ஒன்றை நோக்கி நிற்கும் நிலை. சக்கரத்துக்கு அந்நிலை இல்லை. ஒளியையோ தொடுகையையோ அறிந்து நிரலுக்குத் தெரிவிக்கும் உணரிக்கும் இல்லை. ஆனால் குழந்தைகள் தாம் கட்டிய ரோபோவை ‘அது’ என்று நெடுநேரம் சொல்வதில்லை; ‘அவன் வரமாட்டேன் என்கிறான்’ என்று பேசத் தொடங்கிவிடுவர். தமிழிலக்கணம் இதற்கு அழகானதோர் இடம் வைத்திருக்கிறது. அஃறிணைப் பொருளை உயர்திணையாகச் சொல்வது திணைவழு. ஆனால் உவப்பு மிகுதியால் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது வழுவமைதி, அதாவது காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்ட வழு. ரோபோவை ‘அவன்’ என்னும் குழந்தையின் பேச்சும் அவ்வாறு அமைதி பெறத் தக்கதே. ஏனெனில் அச்சொல் சுட்டும் உயிர் பொருளில் இல்லாவிட்டாலும், சொல்பவரின் அன்பில் இருக்கிறது. பிரார்த்தனையும் அப்படியே அதைக் கட்டியவர்களிடம் இருக்கிறது.

வழுவும் பிழையும் வேரில் ஒன்றே என்று வாதிட இடமுண்டு. குற்றத்தைக் குறிக்கும் ‘ஹேத்’ என்னும் எபிரேயச் சொல்லின் வேர் இலக்குத் தவறுதலைச் சுட்டுவது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவோரைப் பற்றிச் சொல்லுமிடத்தில் வருவதும் அவ்வேரே. அப்படியாயின் 60ஐ 120ஆக மாற்றுவதும் ஒருவகை மனந்திரும்புதல் ஆகிவிடுமே என்னும் ஐயத்துக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டு மெய்யியலறிஞர் மைமோனிடிஸ் தரும் வரையறை விடையாகிறது. முன்பு குற்றம் செய்த அதே சூழல் மீண்டும் வாய்த்து, அதைச் செய்யும் ஆற்றலும் இருக்க, அச்சத்தாலோ வலுவின்மையாலோ அன்றி விலகி நிற்பவனே முழுமையாக மனந்திரும்பியவன் என்கிறார் அவர். பட்டறையில் நிகழ்வதும் மேலோட்டமான பார்வைக்கு இதுவே: ரோபோ மோதி நின்ற அதே மூலைக்கு மீண்டும் அதைச் செலுத்தி, இம்முறை விலகிச் செல்கிறதா என்று எல்லோரும் மூச்சடக்கிப் பார்க்கின்றனர். ஆனால் திருத்திய நிரலுடைய ரோபோவுக்கு அங்கே மோதும் வழி எஞ்சியிருப்பதில்லை. வழி திறந்திருந்தும் போகாதிருப்பதே மனிதனுக்கு உரியது. வழுநீக்கம் வழியை அடைக்கிறது. மனந்திரும்புதல் அதைத் திறந்தே விட்டுவிட்டு மனிதனை மாற்றுகிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லால் விளக்கிக் குழந்தைக்குப் புரியவைப்பது கடினம். ரோபோவை அருகில் வைத்துக்கொண்டால் அவ்வளவு கடினமில்லை.

இதனாலேயே குடும்பமாகக் கட்டுவது தனித்துக் கட்டுவதினின்றும் வேறாகிறது. யோம் கிப்பூரில் ஓதப்படும் குற்ற ஒப்புதல் அகரவரிசையில் அடுக்கப்பட்டது. அதன் வினைகள் யாவும் தன்மைப் பன்மையில் அமைந்தவை. ‘குற்றம் செய்தேன்’ என்று ஒருவர் சொல்வதில்லை, ‘செய்தோம்’ என்று எல்லோரும் சொல்கின்றனர். தாய் பற்சக்கரத்தைப் பொருத்த, மகள் நிரலெழுத, தம்பி உணரியைச் செருகிய ரோபோ நகர மறுக்கும்போது, தவறு யாருடையது என்ற கேள்விக்கும் பெரும்பாலும் பன்மையில்தான் விடை இருக்கிறது. அங்கே பெரியவர்களும் குழந்தைகளுக்கு நிகராகத் தவறுகின்றனர். பல வேளை கூடுதலாகவே தவறுகின்றனர். தம் வீட்டில் அதுவரை காணாத அக்காட்சியைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கின்றனர்.

மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட குற்றங்களை யோம் கிப்பூர் நாள் தீர்க்கும், மனிதருக்குள் நேர்ந்தவற்றையோ தீங்குற்றவரை அமைதிப்படுத்தும்வரை அந்நாளும் தீர்க்காது என்பது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. உணரியைத் தவறான துளையில் செருகிய சிறுவனிடம் தந்தை சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், துளையை மாற்றியதும் ரோபோ ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சொல் மட்டும் மேசைமேலேயே கிடக்கும். நிரலில் எந்த வரியைத் திருத்தினாலும் அது அகலாது. தந்தை மகனிடம்தான் கேட்க வேண்டும்.