தீயில் பிறக்கும் தண்ணீர்

மார்கழி நான்காம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் விடியுமுன் ஒலிப்பது திருப்பாவையின் மழைப் பாசுரம். கடலுக்குள் புகுந்து, நீரை முகந்து, மேலேறிக் கறுத்து, மின்னி முழங்கி, ஊர் வாழப் பெய்யும்படி மழைத் தெய்வத்திடம் ஆண்டாள் வேண்டுகிறாள். இல்லாத நீரைப் படைத்துக் கொடு என்று அவள் கேட்கவில்லை. கடலில் கிடப்பது ஊருக்கு வந்து சேர்ந்தால் போதும் அவளுக்கு.

மனிதனால் தண்ணீரைப் படைக்க முடியுமா?

முடியும். ஹைட்ரஜன் நிரம்பிய சோதனைக் குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்டினால், ‘பப்’பென்று ஒரு வெடிப்பு, குழாயின் உட்சுவரில் மெல்லிய ஈரம் படரும். அந்த ஈரம் தண்ணீர்தான். 1783-ல் பாரிஸில் லவாசியே, நீர் தனிப்பொருள் அன்று, இரு வாயுக்களின் சேர்க்கை என்று அறிவித்தார். நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்கள், மின்சாரம் தந்த எரிபொருள் கலங்களில் உண்டான நீரையே குடித்தார்கள். தைத்திரீய உபநிடதமும் தீயிலிருந்தே நீர் தோன்றியதாகச் சொல்கிறது. அதற்காக அதை வேதியியல் பாடமாக்குவது தவறு. அது உலகத் தோற்றத்தைப் பற்றிய தியானம்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 111 கிராம் ஹைட்ரஜன் வேண்டும். மின்சாரத்தால் 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 50 யூனிட் செலவாகும். 15 லிட்டர் குடம் ஒன்றை நிரப்ப 80 யூனிட்டுக்கு மேல். தமிழக அரசு ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டும் அந்த ஒரு குடத்துக்கே கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். அந்த ஹைட்ரஜனை எதிலிருந்து பிரிக்கிறோம்? தண்ணீரிலிருந்து! ஒரு குடத்தை உடைத்து ஒரு குடம் செய்கிறோம். சென்னைக்காக மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நடப்பதுபோல் கடல்நீரை நன்னீராக்கினால், 1,000 லிட்டருக்கே சுமார் 4 யூனிட் போதும்.

இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது. காரணத்தில் உள்ளதே காரியமாக வெளிப்படும் என்பது சற்காரியவாதம். சைவ சித்தாந்தமும் இராமானுசரின் வைணவமும் தமக்குள் எவ்வளவு வாதிட்டாலும் இதில் ஒன்றுபடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் நீர் செய்கிறவர் படைப்பவர் அல்லர், உருவம் மாற்றுகிறவர். அந்த மாற்றத்துக்கும் விலை உண்டு. விலையே இல்லை என்று சொன்ன ஒருவரை இராஜபாளையம் வட்டாரம் கண்டிருக்கிறது. 1996-ல் தண்ணீரையும் மூலிகையையும் கொண்டு பெட்ரோல் செய்வதாக இராமர் பிள்ளை அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. எரிந்து முடிந்த ஹைட்ரஜன்தான் தண்ணீர். மறுபடி எரிக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளியேறிய ஆற்றலை முழுவதும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கடல்நீரை முகந்து, உப்பை விட்டுவிட்டு, மலை உச்சிவரை தூக்கி வந்து இறக்கும் வேலையை வெயில் காசு வாங்காமல் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்வது அய்யனார் கோயில் ஆறாக இறங்கி, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக இராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது. அந்த மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். காட்டைக் காக்க அரசாணை இருக்கிறது. கீழே கண்மாய்களுக்கு நீர் வரும் வாய்க்கால்களைக் காக்க ஊர்தான் இருக்கிறது. மழைப் பாசுரம் பாடுகிறவர்கள், ஐப்பசி மழைக்கு முன்பே மண்வெட்டியோடு அந்த வரத்துக்கால்வாய்களில் இறங்கிச் சீமைக்கருவேலத்தை வெட்டி, மடைகளைச் சரிபார்த்து வைக்க வேண்டும்.