விக்கல் எடுத்த கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவரப்பேட்டையில் இருக்கும் என் பள்ளித் தோழன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு கார் விக்கிக்கொண்டிருந்தது!

பொம்மைக் கார்தான். மேல்மூடி கிடையாது. பேட்டரி, ஒயர், சர்க்யூட் எல்லாம் வெளியே தெரிந்தன. நண்பனின் மகன், ஆறாவது படிக்கிறவன், ரிமோட்டை அழுத்தினான். கார் ஒரு ஜாண் போய் நின்றது. மறுபடி ஒரு ஜாண், மறுபடி நின்றது.

"கடையில வாங்கினா முந்நூத்தம்பது ரூபாய்டா. இதுக்கு எவ்வளவு ஆச்சு?" என்றேன்.

"நானூத்திச் சொச்சம். மூணு ஞாயித்துக்கிழமை தனி" என்றான், கொஞ்சமும் அசராமல்.

நான் பி.காம். படித்தவன். மனசுக்குள் உடனே கணக்கு ஓடியது. பொருள் செலவு, ரிச்சி தெருவுக்கு ரயிலில் போய் வந்த செலவு, மூன்று நாள் கூலி... எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நஷ்டம்தான். கடையில் மலிவாகக் கிடைக்கிற ஒன்றை, அதைவிட அதிகம் செலவழித்துக் கையால் செய்வதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

எங்களுக்குக் கல்லூரியில் ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையைச் சொல்லித் தந்தார்கள். 1776-ல் வந்த புத்தகம். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்யலாம். ஆளுக்கு ஆள் தனியாக முழு ஊசியும் செய்தால், தலைக்கு இருபதுகூடத் தேறாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் சரி, 1998-ல் லான்சர் கார் செய்யத் தொடங்கி, பிற்பாடு சிட்ரோயனுக்கு மாறிய திருவள்ளூர் கார் ஆலையும் சரி, ஓடுவது இந்தக் கணக்கில்தான். நம் வீட்டு மின்விசிறி முதல் செல்போன் வரை இந்தக் கணக்கு கொடுத்த வரம். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால், அதே ஸ்மித் அதே புத்தகத்தின் பின்பகுதியில் வேறொன்றும் சொல்கிறார். ஆயுள் முழுக்க ஒன்றிரண்டு சின்ன வேலைகளையே செய்துகொண்டிருப்பவன், மூளையைப் பயன்படுத்தும் பழக்கத்தையே இழந்துவிடுவான் என்று கவலைப்படுகிறார். எங்களுக்குக் குண்டூசி வரைக்கும்தான் நடத்தினார்கள்!

நண்பன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். தகட்டை வைக்க வேண்டும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் தள்ளி நிற்க வேண்டும். மெயின்டனன்ஸ் ஆள் வந்து பார்த்துக்கொள்வார்.

"அது சரிதான்டா. ஆளாளுக்குத் திறந்தா விரல் போயிடும். ஆனா, பதினெட்டு வருஷத்துல அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்ல."

இந்தக் காருக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். ரிமோட்டில் இருந்து கிளம்புவது 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. அதில் கட்டளை, துடிப்புகளின் எண்ணிக்கையாகப் போகிறது. பத்துத் துடிப்பு வந்தால் முன்னே, நாற்பது வந்தால் பின்னே. 58 இடது, 64 வலது. காரில் இருக்கும் சிப் அதை எண்ணிப் பார்த்து மோட்டாரை ஓட்டுகிறது. அலையைப் பிடிக்கும் காயிலை பிளாஸ்டிக் குச்சியால்தான் திருக வேண்டும். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் கிட்டே போனாலே டியூனிங் மாறிவிடும்.

"அந்த சிப்பை நீயா செஞ்சே?" என்று மடக்கினேன்.

"இல்லதான். ஆனா, எதுவரைக்கும் எனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்!"

சரி, விக்கலுக்கு என்ன காரணம்? ரிமோட் சரியில்லை என்றான் பையன். பேட்டரி மட்டம் என்றேன் நான். நண்பன் எதுவும் சொல்லாமல் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினான். ரிமோட்டை அழுத்தினால் விளக்கு நின்று நிதானமாக எரிந்தது.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு. மோட்டார்தான் கத்துது!"

மோட்டார் சுழலும்போது, உள்ளே பிரஷ் உரசுகிற இடத்தில் பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. அந்த இரைச்சலில் ரிமோட்டின் கட்டளை காரின் காதில் விழவில்லை. கட்டளை இல்லாததால் கார் நிற்கிறது. நின்றதும் இரைச்சல் அடங்குகிறது, கட்டளை கேட்கிறது, கார் கிளம்புகிறது. மறுபடி இரைச்சல்!

'104' என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர்கள் மூன்றை எடுத்தான். ஒன்றை மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்தான். மற்ற இரண்டை, முனைக்கு ஒன்றாக, மோட்டாரின் உடம்போடு சேர்த்து சால்டரிங் செய்தான். ஒன்றின் விலை ஒன்றிரண்டு ரூபாய்தான். கார் விக்காமல் எதிர்வீட்டு வாசல் வரைக்கும் போனது.

"மோட்டார் மாட்டுறப்பவே இதைப் பண்ணியிருக்கணும். தப்பு என்னுதுதான்டா தம்பி" என்றான் மகனிடம். பையன், "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுக் காரின் பின்னால் ஓடினான்.

எனக்குச் சுருக்கென்றது.

போன வருஷம் என் மகனுக்கு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் நின்றுபோனது. கொண்டுவந்து காட்டினான். "இதெல்லாம் இப்படித்தான்டா, மட்டமான சரக்கு" என்று பரணில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கித் தந்தேன். பாசமான அப்பா! ஆனால், அன்றைக்கு நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? தப்பு எப்போதும் வேறு எங்கேயோ இருக்கிறது என்பதைத்தானே? என் கட்டுரையில் பிழை வந்தால் புரூஃப் பார்த்தவர் மேல் பழி. வரி கட்டத் தாமதமானால் கம்ப்யூட்டர் மேல் பழி. என் மகன் முன்னால் 'தப்பு என்னுது' என்று நான் சொன்னதாக ஞாபகமே இல்லை.

நண்பன் யோக்கியன், நான் அயோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கம்பெனியில் தப்பு நடந்தால் அவனும் எளிதில் ஒப்புக்கொள்ள முடியாது. அங்கே ஒரு தப்புக்கு மெமோ வரும், சம்பளம் பிடிப்பார்கள். பயத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டு வாசலில் அப்படி இல்லை. தப்பு நடந்தால் போவது இரண்டு ரூபாய் கெபாசிட்டர். அவமானம் இல்லை, தண்டனை இல்லை. தேடிப் பிடித்துச் சரிசெய்தால் போதும். தானே செய்த பொருளானதால் பழி போட வேறு ஆளும் கிடையாது. அந்த மாதிரி இடத்தில்தான் ஒரு குழந்தை தப்பை ஒப்புக்கொள்ளப் பழக முடியும்.

நானூற்றுச் சொச்சத்துக்கு நண்பன் வாங்கியது அந்த இடத்தைத்தான். என் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லாததால் நஷ்டம் என்று எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்து பழைய காரை இறக்கினேன். ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமாப்பா?" என்று சந்தேகமாகக் கேட்டான் மகன். "தெரியாதுடா" என்றேன்.

முதலில் பேட்டரி மூடியைத் திறந்தோம். உள்ளே செல்கள் கசிந்து, ஸ்பிரிங் முழுக்கப் பச்சைத் துரு.

அன்றைக்கு என்ன கோளாறாக இருந்ததோ, இனி கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால், செல்லைக் கழற்றாமல் ஒரு வருஷம் பரணில் போட்டது யார்?

"தப்பு என்னுதுதான்டா" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் தொண்டை அடைத்தது.

அவன் ஸ்பிரிங்கைச் சுரண்ட பழைய டூத் பிரஷ் தேடப் போனான்.