அந்த ஐந்து நிமிடம் யாருடையது?

"மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷ நடை சார், அதுக்குத்தான் இந்த வாடகை" என்றார் புரோக்கர். அசோக் நகரில் ஒற்றைப் படுக்கையறை வீடு. ஸ்டேஷனிலிருந்து தள்ளிப் போனால் இதே மாதிரி வீடு நாலாயிரம் குறைவு. சுவரில் ஓதம் இரண்டிலும் ஒன்றுதான். அப்புறம் அந்த நாலாயிரம் எதற்கு?

ரயிலுக்கு. அதைப் போட்டது வீட்டுக்காரர் இல்லை. நம் வரிப்பணமும் ஜப்பான் கடனும். 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் வண்டி ஓடத் தொடங்கியது. டிக்கெட்டில் ஒரு தடவை, வாடகையில் ஒரு தடவை காசு கொடுக்கிறேன். நிலத்தின் மதிப்பை உண்டாக்குவது ஊர், வாங்கிக்கொள்வது உரிமையாளர் என்று ஹென்றி ஜார்ஜ் 1879லேயே 'முன்னேற்றமும் வறுமையும்' நூலில் வாதாடிவிட்டார்.

வீட்டுக்காரரிடமே கேட்டேன். கோபப்படவில்லை. "தம்பி, வருஷக்கணக்கா ரோட்டைத் தோண்டிப் போட்டாங்க. அந்தத் தூசியெல்லாம் நாங்கதானே தின்னோம்?"

நியாயம்தான். ஆனால் பாதி நியாயம். "அப்போ இங்க குடியிருந்தவங்க சார்?"

"வாடகை ஏத்தினதும் குன்றத்தூர் பக்கம் போயிட்டாங்க."

தூசிக்குத்தான் கூலி என்றால் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது காலி செய்யச் சொன்ன பேச்சு. நாலாயிரம் கூடுதலாகத் தர என்னால் முடியும் என்பதால்தான் அவர்கள் இருந்த கூடத்தில் நான் நிற்கிறேன். வேண்டாம் என்று நான் நகர்ந்தாலும் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை, அடுத்த ஆள் வருவார்.

ஓஎம்ஆரில் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்குத் தூண் எழுப்புகிறார்கள். அங்கே வாடகைக்கு இருக்கும் நண்பன் தினமும் தூசி தின்கிறான். அவனுடைய வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு.