நகராத முள்

1965-இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் இரவு உடை அணிந்த ஒரு பார்பி பொம்மையை விற்றது. கூடவே விளையாட்டுச் சாமானாக ஒரு குட்டி எடை மெஷின். அதன் முள் நகராது. 110 பவுண்டிலேயே, ஏறத்தாழ 50 கிலோவிலேயே, நிற்கும்படி செய்திருந்தார்கள். உடம்பு இளைக்க வழி சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றும் உண்டு. சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் பின்னட்டை சொன்ன வழி.

நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எடை என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத ஒன்றை மறுத்துப் பேசவும் அதனால் முடியாது. பொம்மை உபதேசம் செய்வதில்லை. உடை மாற்றி, தலை வாரி, அந்த இடுப்பை மணிக்கணக்கில் கைக்குள் வைத்திருக்கும் குழந்தை, பெண்ணென்றால் இப்படித்தான் என்று விரல்களாலேயே படித்துக்கொள்கிறது.

1959-இல் பார்பியை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லரின் எண்ணத்தில் குறை காண மாட்டேன். கைக்குழந்தைப் பொம்மையை வைத்துக்கொண்டு அம்மா விளையாட்டு மட்டுமே ஆடிய சிறுமிகள், வளர்ந்தபின் தாங்கள் என்னவாகலாம் என்றும் ஆடிப் பார்க்கட்டும் என்றே அவர் விரும்பினார். ஆனால் அவர் முன்மாதிரியாகக் கொண்ட ஜெர்மனியின் லில்லி, பெரியவர்களுக்காகச் செய்த பொம்மை. அந்த உடலமைப்புத்தான் குழந்தையின் கைக்கு வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் ஹெல்கா டிட்மார் உள்ளிட்ட உளவியலாளர்கள் 5 முதல் 8 வயதுவரையான 162 சிறுமிகளிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. சிலருக்குப் பார்பி படங்கள், சிலருக்குப் பார்பியைவிடப் பருமனான உடல்வாகுள்ள எம்மி என்ற பொம்மையின் படங்கள், மற்றவர்களுக்குப் பொம்மையே இல்லாத படங்கள். பார்பியைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் மதிப்புக் குறைந்தது. இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. மூத்த சிறுமிகளிடம் மட்டும் இந்த உடனடி மாற்றம் தெரியவில்லை. இதில் என்னால் ஆறுதல் கொள்ள முடியவில்லை. அந்த வயதுக்குள் பாடம் மனதில் இறங்கிவிட்டிருந்தால், பிறகு படம் எதற்கு?

2016-இல் பூசினாற்போன்ற உடம்புள்ள பார்பியும், உயரமானதும், குள்ளமானதும் கடைக்கு வந்தன. நல்லதுதான். அதற்கு 57 ஆண்டுகள் ஆயின.

ஆனால் பொம்மையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் அவசரத்தில் அவளுடைய பட்டுப்பாவாடை நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் இறுக்கும்மா” என்றாள். ஏனென்று கேட்டேன். கட்டிலில் கிடந்த பொம்மையைக் காட்டி, “அவளுக்கு வயிறே இல்ல பாரு” என்றாள். பிறகு சொன்னாள்: “நீயும் கண்ணாடி முன்னாடி இப்படித்தானே எக்கிக்கிறே?”

பொம்மை காட்டிய உருவத்துக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தது நான். தினமும் காலையில், அவள் கண்ணெதிரே.

நாடாவைத் தளர்த்திக் கட்டினேன். பந்தியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எப்போதும் இலைமேல் கையை வைத்து மறித்துவிடும் நான், அன்று ஜாங்கிரியை வாங்கிக்கொண்டு, அவளோடு சேர்ந்து முழுவதும் சாப்பிட்டேன்.