பாம்பு பூவைக் கைவிடவில்லை

ஓரிடம் எதனால் புனிதமாகிறது? மலையும் அருவியும் உள்ள ஊரில் இந்தக் கேள்வி எழுவதில்லை. பதுளை மாவட்டத்தில் 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த அருவியின் கீழே நின்றால் எவருக்கும் கை தானாகக் கூம்பும். எங்கள் தீவுகளில் ஏறிப் பார்க்க ஒரு குன்றில்லை, இறங்கிக் குளிக்க ஓர் ஆறில்லை. பனையும் உவர்நிலமும் கடலும்தான். ஆனாலும் ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

கனடாவிலிருந்து வந்திருந்த தங்கை குடும்பத்தோடு நயினாதீவுக்குப் போனேன். மலையகம் பார்த்துவிட்டு வந்தவர்கள். வாணர் பாலத்தில் வான் போகும்போது இரு பக்கமும் தட்டையாகக் கிடந்த கடலைப் பார்த்துத் தங்கையின் மகள் கேட்டாள்: "பெரியம்மா, அங்கை பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அம்மன் இருக்கிறா, பிள்ளை."

"அம்மன் ரொறன்ரோவிலையும் இருக்கிறா தானே?"

சைவப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று கடல் கடந்தும் கூட்டிப்போகிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? எனக்குத் தெரிந்த விடை அந்தத் தீவின் கதைகளிலேயே இருக்கிறது.

அம்மனுக்குப் பூச் சாத்த ஒரு நாகம் வாயில் பூவோடு கடலில் நீந்தி வந்தது. கருடன் அதைக் கொல்லப் பாய்ந்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. எதிரே இன்னொரு கல்லில் கருடன் காத்திருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் நாகத்துக்காக மன்றாடினான். தன் செல்வத்தைக் கொடுத்து அம்மனுக்குக் கோயில் எழுப்பினான். கருடன் பகையை விட்டது.

அதே தீவில் நாகவிகாரை இருக்கிறது. அதற்கும் ஒரு சண்டைக் கதை உண்டு. மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டி நின்றார்கள். புத்தர் வந்து அறம் உரைத்ததும் ஆசனத்தை அவரிடமே ஒப்படைத்தார்கள் என்கிறது மகாவம்சம். மணிமேகலையின் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் பலர். அங்கும் நாக அரசர் இருவர் பீடிகைக்காகப் பொருதுகிறார்கள்.

மதியம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டோம். எங்கள் பந்தியிலேயே வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பம் ஒன்றும் இருந்தது. விகாரையைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள். மண்டபத்தின் பெயருக்குரிய பாத்திரத்தை மணிபல்லவத்தில் விட்டவன் ஆபுத்திரன். ஆளில்லாத தீவில் கப்பல் அவனை விட்டுப்போனது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருந்தது. பிறர் பசியைத் தீர்க்காத பாத்திரம் என் ஒருவன் வயிற்றுக்கு எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டான். உண்ணாமல் உயிர் விட்டான்.

அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. வெளிநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்கவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பொருள் என்றால் பாதிக்குப் பாதி. கரையில் ஒதுங்கியது முழுவதையும் வாரிக்கொள்ள வலிமை உள்ள அரசன் தன் கைக்குத் தானே வரம்பு எழுதிவைத்தான்.

சைவம், பௌத்தம், அரசாணை மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். எடுத்துக்கொள்ளக்கூடியவர் எடுக்காமல் விட்டார். இறைவன் எங்கும் இருக்கிறார்; ஆனால் மனிதர் விட்டுக்கொடுப்பது எங்கும் நடப்பதில்லை. அது நடந்ததாக நினைவு வைத்திருக்கும் மண்ணைத்தான் நாம் தலம் என்று கும்பிடுகிறோம்.

இந்த மண்ணும் கடலும் கண்ட கொடுமை சிறிதல்ல. 1620இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். 1788இல் மீண்டும் எழுந்தது. 1958இலும் 1986இலும் தாக்கப்பட்டது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் வந்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். தலத்துக்குச் சக்தி இருந்தால் இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தலம் எவர் கையையும் பிடித்து நிறுத்துவதில்லை. கருடன் விட்டதை ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் மீண்டும் விட்டாகவேண்டும். விடாத நாளில் கத்தி இறங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சமாதானம் என்ற பேச்சு வந்தாலே அடிபட்டவனிடம்தான் "நீ விட்டுக்கொடு" என்று கேட்கிறோம். நயினைக் கதை அப்படிக் கேட்கவில்லை. விட்டவர்கள் வலிமையாக நின்ற கருடனும் கப்பல் நிறையப் பொருள் வைத்திருந்த வணிகனும். நாகத்தைப் பூவைக் கீழே போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பூ அம்மனிடம் போய்ச் சேர்ந்தது. பலவீனனின் வழிபாடு குலையாமல் பலவான் ஒதுங்குவதே இந்தத் தலம் சொல்லும் அறம்.

நாட்டை ஆள்பவருக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவருக்கும், அந்தக் காணியில் குடியிருக்கும் ஏழைச் சகோதரிக்கும் இடையில் இதே கதைதான். கதியாலை ஓரடி தள்ளி நட வசதி உள்ள அயலவனுக்கும் விதவை வீட்டு வேலிக்கும் இடையில் இதே கதைதான். கை ஓங்கியிருப்பவர் யாரோ அவரே கருடன். அவர் விட்டால் அந்த வளவும் தலம். அம்மன் சந்நிதியில் நிற்கும் ஒவ்வொருவரும், நான் யாருடைய பூவை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று முதலில் கேட்கவேண்டும். வரம் கேட்பது அதற்குப் பிறகு.