வெங்காய வேர்நுனி

இளநிலை உயிரியல் வகுப்புகளில் செல் பகுப்பைக் கண்ணால் காட்டும் செய்முறைக்கு வெங்காயமே வழக்கமான பொருள். அடிப்பகுதி தண்ணீரில் படும்படி குவளையின் வாயில் வைத்தால் சில நாளில் வேர் இறங்கும். வேரின் நுனியில் ஓரிரு மில்லிமீட்டரில்தான் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அதற்கு மேலே உள்ளவை நீளுமே தவிரப் பிரியா. நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கவர் ஸ்லிப்புக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். இளக்குவதில் அவசரப்பட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தே தெரியும்.

சரியாகச் செய்தாலும் பெரும்பாலான செல்கள் பகுப்புக்கு இடைப்பட்ட இடைநிலையிலேயே இருக்கும். பாடநூலில் சம இடம் பிடிக்கும் பகுப்பு நிலைகளை இங்கே தேடித்தான் எடுக்க வேண்டும். குரோமோசோம்கள் இரு முனைகளுக்கு விலகும் அனாஃபேஸ் நிலை சிறிது நேரமே நீடிப்பதால் அகப்படுவது அரிது. ஸ்லைடைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து வரைந்த ரெக்கார்டு நோட்டு பிடிபடுவதும் இதனால்தான்.

வெங்காயத்தின் குரோமோசோம்கள் 16; அளவில் பெரியவை, எண்ண எளியவை. மனிதனுடையவையோ சிறியவை, 48 என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அவை 46 என்று 1956இல் ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் வெளியிட்டனர். வெங்காய வேரில் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் செய்யும் மாற்றங்களை 1938இலேயே ஆராய்ந்தவர் லெவான். கால்ச்சிசின், செல்லை உப்பவைக்கும் நீர்த்த கரைசல், நசுக்கும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த எண்ணிக்கையைச் சாத்தியமாக்கின.