வெண்ணெயும் பேரிக்காயும்

அகஸ்டின் 16 வயதில் ஒரு திருட்டில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில், ராத்திரி வேளையில், கூட்டாளிகளோடு போய் அடுத்தவருடைய பேரி மரத்தை உலுக்கி, விழுந்ததை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பசியால் அல்ல, அவரிடம் அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்கு வீசினார்கள். நாற்பதைத் தாண்டி, ஆயராகிவிட்ட பிறகு எழுதிய ஒப்புதல் நூலிலும் அந்தப் பேரிக்காய்களை அவரால் விட முடியவில்லை. தவறு என்பதற்காகவே தவறை ரசித்தேனே என்று பக்கம் பக்கமாகத் தன்னைத் தோண்டிப் பார்க்கிறார். கைக்குழந்தையும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை: வலுவில்லாதது அதன் கைகால்தான், மனம் அல்ல என்கிறார். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் ஒரு திருட்டைத்தான், கண்ணனின் திருட்டை, பாடினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வெண்ணெய் போச்சு, பால் போச்சு என்று யசோதையிடம் முறையிடுகிறார்கள். அந்த முறையீடே பக்திப் பாட்டாகிவிடுகிறது. பிள்ளையின் சேட்டை பாவத்தின் முளையா, கொஞ்சத் தகுந்ததா? குறும்புக்காரப் பையன் ஒருவனைப் பற்றிய படப் புத்தகத்தை மடியில் விரித்துப் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கும் ஒவ்வொருவரும் இந்தப் பழைய வழக்கில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள்.

அப்படிச் சிரிக்கக் கூடாது என்பவர்களின் வாதம் லேசானதல்ல. கடவுளர் தவறு செய்யும் கதைகளைச் சிறுவர் காதில் போடக் கூடாது, எது உருவகம் எது நிஜம் என்று அவர்களுக்குப் பிரிக்கத் தெரியாது என்று பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் வாதாடினார். காவலராக வளரும் பிள்ளைகள் சிரிப்புக்கு அடிமையாவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ரூசோ 1762இல் வெளிவந்த ‘எமில்’ நூலில் காக்கையும் நரியும் கதையை வரி வரியாகப் பிரித்துப் போட்டார். ஏமாறாதே என்று காக்கை வழியாகச் சொல்ல நினைக்கிறோம். பிள்ளையோ காக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியின் பக்கம் போய்விடுகிறது என்றார். பாட்டி சுட்ட வடையைக் காக்காய் தூக்கிப் போன கதையைச் சொன்னவர்களுக்கு அவர் கவனித்தது சரி என்று தெரியும். நீதி வேறு பக்கம் இருக்க, பிள்ளையின் மனசு நரியிடம் இருக்கும். ஆனால் இதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்க மாட்டேன். சிரிக்கிற பிள்ளை எதைத் தெரிந்துகொண்டு சிரிக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

டேவிட் ஷானன் 1998இல் வெளியிட்ட ‘நோ, டேவிட்!’ புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள். புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று, ஒரு பையன் மீன் தொட்டிக்குக் கை நீட்டுகிறான். தொட்டி சாய்ந்துவிட்டது, இன்னும் விழவில்லை. ஐந்து வயதில் ஷானனே வரைந்த ஒரு புத்தகத்தை அவர் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்து பிற்காலத்தில் அனுப்பியதிலிருந்து பிறந்தது இது. அந்தப் பழைய புத்தகத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: ‘நோ’வும் ‘டேவிட்’டும். அப்போது அவருக்கு எழுதத் தெரிந்தவை அவ்வளவுதான். இந்த அட்டையைப் பார்த்ததும் நான்கு வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது என்றால், அடுத்த நொடி என்ன ஆகும், அது ஏன் ஆகக் கூடாது என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும் என்று பொருள். சாய்ந்தால் கொட்டும், கொட்டினால் மீன் துடிக்கும் என்று அறியாத குழந்தைக்கு அது வெறும் வண்ணப் படம். அப்படியானால் அந்தச் சிரிப்பு தவறுக்குத் தலையாட்டுவதல்ல, விதி உள்ளே இறங்கிவிட்டதன் அடையாளம். இன்னொன்றும் நடக்கிறது. காலையிலிருந்து ‘வேண்டாம், தொடாதே, ஏறாதே’ என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளை, இந்தப் பக்கங்களில் தானே ‘வேண்டாம்டா’ என்று கத்துகிறது. செய்பவனும் அதுவே, பார்ப்பவனும் அதுவே. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள்; ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்க்கிறது. பார்க்கும் அந்தப் பறவை விழித்துக்கொள்ளாமல் மனச்சாட்சி என்று ஒன்று எங்கிருந்து வரும்?

பயமுறுத்தியும் அதை எழுப்பலாம் என்று நம்பிய காலம் உண்டு. பிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹாஃப்மன் தன் மூன்று வயது மகனுக்காக வரைந்து 1845இல் வெளியான புத்தகத்தில், விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் பெரிய கத்திரியால் நறுக்கிவிடுகிறான். விரல் சூப்புவதற்கும் விரல் போவதற்கும் என்ன தொடர்பு? பிள்ளை அதிலிருந்து கற்பது, அம்மா இல்லாத நேரத்தில் யாரோ வந்துவிடுவார்கள் என்பதை மட்டும்தான். யாரும் வராதபோது சூப்பலாம் என்று அடுத்து கற்கும். வில்ஹெல்ம் புஷ்ஷின் மாக்ஸும் மோரிட்ஸும் (1865) என்னை வேறு விதமாக உறுத்துகிறார்கள். வாத்தியாரின் புகைக்குழாயில் வெடிமருந்தைத் திணிப்பதைக் குறும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அந்த இரண்டு பையன்களும் மாவரைக்கும் ஆலையில் அரைபட்டு வாத்துகளுக்குத் தீனியாகிறார்கள், ஒருவரும் வருந்துவதில்லை. அடிபட்டவரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் புத்தகத்தை நான் பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன். குண்டு, கறுப்பு, திக்குவாய் என்று ஒருவரின் உடம்பை வைத்துச் சிரிப்பூட்டும் புத்தகங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கண்ணனைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், அது கடவுளின் லீலை, உலகமே அவனுடையது, அவன் எதைத் திருட முடியும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயம்தான். பெரியோர் செய்வதை மற்றவர் மனத்தாலும் செய்ய நினைக்கக் கூடாது, உருத்திரன் அல்லாதவன் நஞ்சு குடித்தால் அழிவான் என்று ராசலீலையை ஒட்டிப் பாகவதமே எச்சரிக்கிறது. ஆனால் அதே பாகவதம் உரலில் கட்டும் கதையை எப்படிச் சொல்கிறது? யசோதை அவனுக்காக விதியைத் தளர்த்தவில்லை. தாம்புக் கயிற்றை எடுத்துவிட்டாள். கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொன்றை முடிந்தாலும் அதே இரண்டு விரற்கடை. வியர்த்து, கொண்டைப் பூ உதிர்ந்து அவள் களைப்பதைப் பார்த்துத்தான் அவன் கட்டுக்குள் அடங்குகிறான். அவன் உரலோடு கட்டுண்டு ஏங்கிய எளிமையை நினைத்த மாத்திரத்தில் நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவ மரபு. மதுரகவியாழ்வாரின் ஒரே பிரபந்தமும் அந்தச் சின்னக் கயிற்றின் பெயரிலேயே வழங்குகிறது. இந்தக் கதையைக் கேட்கிறவர் திருடப் பழகுவதில்லை. பெரியாழ்வார் தாயாகி நின்று பாடினார். கேட்பவரும் கயிறு பிடித்த கையாகிறார். கண்டிப்பும் கனிவும் ஒரே கையில் இருக்கும் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் உண்டா?

மூன்று வயது வாண்டு பார்த்ததை அப்படியே செய்யும், மறுநாள் சுவரில் கிறுக்கும் என்றால், ஆம், செய்யலாம். அப்போது கையில் ஈரத் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்ல வேண்டியது பெரியவர் வேலை. புத்தகம் அதைச் செய்யாது. புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டியதும் அவர்களேதான். டேவிட் ஜாடியை உடைத்து, கண்ணில் நீரோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டு ‘பார்த்தியா?’ என்று போதனை தொடங்கினால், அதன் பிறகு அம்மா அவனை அணைத்துக்கொள்வது பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடும். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) இந்த இடத்தை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. ஓநாய் உடுப்பு மாட்டிக்கொண்டு வீட்டை இரண்டாக்கிய மாக்ஸுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று அனுப்பிவிடுகிறாள் அம்மா. அவன் பூதங்களின் நாட்டுக்குப் போய் அரசனாகிறான். பக்கத்துக்குப் பக்கம் படங்கள் பெரிதாகிக்கொண்டே போய், எழுத்தே இல்லாமல் தாளை முழுக்க அடைத்துக்கொள்கின்றன. அவன் திரும்பி வரும்போது அறையில் சாப்பாடு காத்திருக்கிறது. அது இன்னும் ஆறவில்லை என்ற செய்தி தனிப் பக்கத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தில் படம் இல்லை, வெள்ளைத் தாளில் சில சொற்கள் மட்டும். பார்க்க ஒன்றுமில்லாததால் பிள்ளை தலையைத் திருப்பி, படித்துக்காட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கிறது.